அது மருந்து இல்லை, டாக்டர்

என் அத்தையை எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "ஆனா அத்தை" என்றால்தான் எல்லாருக்கும் புரியும். யார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுக்கொள்வாள், தலையை ஆட்டுவாள், பிறகு "ஆனா..." என்று ஆரம்பிப்பாள். அந்த ஒரு சொல்லில் என் அப்பாவின் எத்தனையோ தொழில் திட்டங்கள் கவிழ்ந்திருக்கின்றன. கவிழ்ந்ததும் நல்லதற்குத்தான் என்று அப்பாவே இப்போது ஒப்புக்கொள்கிறார்.

எனக்குப் பொறுமை குறைவு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, எனக்குக் கோபமே காலில்தான் வரும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மாமா, அதாவது அத்தையின் கணவர், அத்தையைக் கொல்லப் பார்த்தார். அன்பினால்தான். இருந்தாலும் கொல்லப் பார்த்தார். அத்தை இன்று உயிரோடு கீழ்வீட்டில் உட்கார்ந்து சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருப்பதால், நிம்மதியாக இதை எழுத முடிகிறது.

அத்தை ஒரு நான்கு மாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முதலில் செருப்புப் பிரிவில்தான் போட்டார்கள். "பார்க்க அழகா இருக்கு, ஆனா நடந்தா கடிக்கும்" என்று உண்மையைச் சொல்லிச் சொல்லியே வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவைத்தாள். மேலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தண்டனை மாதிரி அவளை அடித்தளத்தில் இருக்கும் ரிட்டர்ன் கவுண்டருக்கு மாற்றினார். ஜன்னல் கிடையாது, பக்கத்தில் சாமான் ஏற்றும் லிஃப்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் சண்டைக்குத் தயாராகவே வருவார்கள். அத்தைக்கோ அங்கே போன பிறகுதான் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்ததாம்.

"போடவே இல்லைங்க, பிரிச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்பார்கள். சட்டைக் காலரில் கழுத்து அழுக்கு கோடு போட்டிருக்கும். மற்ற ஊழியர்களாக இருந்தால் "போட்டிருக்கீங்களே" என்று எகிறுவார்கள். அத்தை எகிற மாட்டாள். சட்டையை மேஜைமேல் விரித்து, தையலைத் தடவிப் பார்த்து, ரொம்ப அக்கறையான குரலில் கேட்பாள்: "கையைத் தூக்கறப்போ அக்குள்ல பிடிச்சுதா, முதுகுல பிடிச்சுதா?" வந்தவர், "அக்குள்லதாங்க, சாயங்காலம் வரைக்கும் ஒரே தொல்லை" என்பார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைக்கும். அத்தை ஜெயித்த முகம் காட்ட மாட்டாள். "அடுத்த தடவை ஒரு அளவு பெருசா எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் "ஃப்ரீ சைஸ்". கவுண்டருக்குத் திரும்பி வரும் மூட்டையில் பாதி அதுதான். "எல்லாருக்கும் சேரும்னு எழுதியிருந்தா யாருக்கும் சேராதுன்னு அர்த்தம்டி" என்பாள் என்னிடம்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் சந்தித்ததே அந்தச் சாமான் லிஃப்டில்தான். அது ஒருநாள் அத்தையை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் மேலே இருந்து, "பயப்படாதீங்க மேடம், நான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்து, "பயமெல்லாம் இல்ல. ஆனா நீங்க இருக்கறதால மட்டும் லிஃப்ட் நகராதே?" என்று பதில் வந்தது. மாமாவுக்குச் சிரிப்பு தாங்காமல் கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்து, லிஃப்டின் கூரையில் டமால் என்று அடித்தது. அப்போதுதான் அத்தை பயந்தாள் என்பது மாமாவின் கட்சி. அத்தை அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மாமா தங்கமான மனிதர். இரும்பு விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு குணம் உண்டு, ஒன்றுக்குப் போட்ட எண்ணெய் இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். உடம்பு விஷயத்தில் மட்டும் அந்த அறிவெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. இலை, வேர், சாறு, பொடி என்று எவன் எதை நீட்டினாலும் வாயைத் திறந்துவிடுவார். "இயற்கைதானே, என்ன கெடுதல் பண்ணிடப்போகுது?" இதுதான் அவருடைய தேசிய கீதம்.

வழுக்கையில் பூண்டை அரைத்துப் பூசிக்கொண்டு ஒரு மாதம் இருந்தார். முடி வரவில்லை, வீட்டுக்கு விருந்தாளிகளும் வரவில்லை. தோள்வலிக்கு ஏதோ கஷாயம் குடித்தார், கூடவே வேலைக்கு லீவும் போட்டார். வலி போனது. புகழ் முழுக்கக் கஷாயத்துக்குப் போய்ச் சேர்ந்தது, லீவை யாரும் கண்டுகொள்ளவில்லை. "ஆனா, சும்மா படுத்திருந்தாலே போயிருக்குமே?" என்று அத்தை கேட்பாள். மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். மாமாவும் கடைசியில் சேர்ந்துகொள்வார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வீட்டில் அத்தைக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பரிசோதித்ததில் இதயத்தின் வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. அறுவை செய்து உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும். மாமா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல ஃபிட்டிங்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

வால்வோடு ஒரு மாத்திரையும் வந்து சேர்ந்தது, ஆயுளுக்கும். உலோகத்தின்மேல் ரத்தம் உறைந்து கட்டியானால் அது நேராக மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அப்படி உறையாமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரையின் வேலை. அதற்காக அதை அள்ளிப் போட்டுக்கொள்ளவும் முடியாது. அளவு மிஞ்சினால் ரத்தம் நிற்காமல் கசியும், தலைக்குள்ளேயே கசியலாம். குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து, கூடினாலும் உயிருக்கு ஆபத்து. நடுவில் ஒரு சின்ன இடம், அங்கேயே நிற்க வேண்டும். அதற்காக அடிக்கடி ரத்தம் எடுத்து, அதில் வரும் எண்ணைப் பார்த்து, டாக்டர் அளவை மாற்றுவார்.

ரத்தப் பரிசோதனைக்கு நான்தான் அத்தையைக் கூட்டிப்போவேன். அங்கே காத்திருக்கும் கூட்டத்தில் அதே மாத்திரை எல்லாருக்கும் வேறு வேறு அளவு. மலை மாதிரி ஒரு பஸ் டிரைவர், அவருக்குப் பாதி மாத்திரை. ஊதினால் பறந்துவிடுவார் போல ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, அவருக்கு இரண்டு. அத்தைக்குப் பரம சந்தோஷம். "பாத்தியா, இதுதான் வைத்தியம். ஆளைப் பார்த்து வெட்டித் தைக்கறாங்க" என்று என் தொடையில் தட்டினாள். எதையும் நம்பாதவள் அந்த டாக்டரை மட்டும் நம்பினாள். டாக்டருக்கு வருஷம் பூராவும் சளி பிடித்த குரல். "தன் சளிக்கு ஒண்ணும் பண்ண முடியலன்னு ஒத்துக்கறாங்க பாரு, அந்த நேர்மை போதும்" என்பாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு எண் இறங்க ஆரம்பித்தது, மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், கொஞ்சம் ஏறியது, மறுபடியும் இறங்கியது. மறுபடியும் கூட்டினார். ஆசிரியை அம்மாளின் அளவையே அத்தை தாண்டிவிட்டாள். எந்த நேரமும் வால்வில் கட்டி சேர்ந்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும்போது நான் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விட்டேன். ஊருக்கே பாடம் எடுக்கிறவள்.

"சில பேருக்குப் பிறவியிலேயே உடம்பு இந்த மாத்திரையைச் சீக்கிரமா செலவழிச்சுடும்" என்றார் டாக்டர். "ஒரு மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம். கீரை, பச்சைக் காயெல்லாம் திடீர்னு அதிகமாச்சா?"

"எப்பவும் போலதான். ராத்திரியில பட்டாணி சூப் குடிக்கறேன். இவர்தான் செய்யறாரு" என்று அத்தை பெருமையாக, அன்று கூட வந்திருந்த மாமாவைக் காட்டினாள்.

"பட்டாணியால இவ்வளவு ஆகாது." டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமாவைப் பார்த்தார். "வேற மருந்து ஏதாவது கொடுக்கறீங்களா சார்?"

"மருந்து எதுவும் இல்ல, டாக்டர்" என்றார் மாமா.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நம் மொழியில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்வதும் மருந்து, பாறையைப் பிளக்கும் வெடிக்குள் இருப்பதும் மருந்து. இத்தனையையும் தாங்கும் அந்தச் சொல்லுக்குள் மாமாவின் பச்சை டப்பா மட்டும் அடங்கவில்லை. நடைப்பயிற்சியில் பழக்கமான ஒருவர் விற்ற இலைப் பொடி அது. "நூறு சதவீதம் இயற்கை. எல்லாருக்கும், எல்லா வயதுக்கும், எல்லா நோய்க்கும்" என்று மூடியிலேயே எழுதியிருந்தது. மாமா அதைப் பட்டாணி சூப்பில் கலந்துகொண்டிருந்தார். பச்சையில் பச்சை, யாருக்குத் தெரியும்? அவரைப் பொறுத்தவரை அது இலை. இலையைப் போய் யாராவது மருந்து என்பார்களா?

ரத்தம் உறைவதற்கு உடம்புக்கு என்ன சத்து வேண்டுமோ, அது அந்த இலையில் கொட்டிக் கிடந்தது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, சூப் மறுபக்கம் இழுத்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டக் கூட்ட, மாமா பொடியைக் கூட்டினார். அவருக்கு அதற்கொரு காரணம் இருந்தது, அது அப்போது எங்களுக்குத் தெரியாது. கடையில் விற்கும் சட்டைப் பொத்தான்வரை சந்தேகப்பட்ட அத்தை, கணவர் கையால் வரும் சூப்பை மட்டும் சந்தேகப்படவில்லை. "இதுல மட்டும் குறை சொல்ல ஒண்ணும் இல்ல" என்று கிண்ணத்தை வழித்துக் குடிப்பாள்.

மரபணு டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து அத்தைக்கு ஒரு மிதப்பு. "நான் ஒண்ணும் சாதாரண ஆள் இல்ல போலிருக்குடி. தனி டிசைன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். அந்தச் சமயத்தில் மாமாவுக்கு வெளியூரில் வேலை வந்தது. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்தும் வேலை, முடியும்வரை அங்கேயே தங்க வேண்டும். போகிற அன்று அவர் சமையலறையில் வெகுநேரம் எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் "சூப்பு வெச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை எங்கே வைத்தாள்? மாடியிலிருந்து என் சமையல்தான் இறங்கியது. அதில் இயற்கையும் கிடையாது, ருசியும் கிடையாது.

இழுத்துக்கொண்டிருந்த இரண்டு கைகளில் ஒன்று இப்போது விட்டுவிட்டது. மாத்திரை மட்டும் உச்ச அளவில் உள்ளே போய்க்கொண்டிருந்தது, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது.

அத்தையின் கையில் காரணமில்லாமல் நீலத் திட்டு வந்தது. "எங்கேயோ இடிச்சிருப்பேன்" என்றாள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். "புது பிரஷ்" என்றாள். ஒருநாள் காலையில் கவுண்டரில் ஒருவர் வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். அத்தை வழக்கம்போல விரித்துத் தையலைப் பார்க்கக் குனிந்தாள். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சட்டைமேல் ரத்தம். நிற்கவே இல்லை. அந்த மனிதர் பயந்துபோய், "சட்டை வேண்டாங்க, ரிட்டர்னும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தன் கைக்குட்டையையும் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினாராம். யாரோ என்னையும் கூப்பிட்டார்கள். நான் பயிற்சி காரோடு, பின் இருக்கையில் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாளோடு, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அங்கே போய் நின்றேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

மருத்துவமனையில் எண்ணைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த எண், இப்போது எங்கேயோ உச்சாணிக் கொம்பில் இருந்தது. அத்தை மூக்கில் பஞ்சோடு, "தலையும் கொஞ்சம் வலிக்குது" என்றாள்.  உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் அறையில் விபத்தில் அடிபட்ட ஒருவர் உள்ளே இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள்.

டாக்டர் கையில் மரபணு டெஸ்டின் முடிவு இருந்தது. "உங்க உடம்புல விசேஷம் ஒண்ணும் இல்லம்மா. சாதாரண உடம்புதான்."

"அப்படியா" என்றாள் அத்தை. அந்த நிலைமையிலும் அவளுக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"மாத்திரை மாறல, உடம்பும் மாறல. அப்போ கூடவே உள்ள போய்க்கிட்டிருந்த வேற ஏதோ நின்னுபோயிருக்கு. அது என்னன்னு தெரியணும். தெரிஞ்சாதான் எவ்வளவு இறக்கறதுன்னு என்னால முடிவு பண்ண முடியும்."

என் போன் வந்ததும் வெளியூரிலிருந்து கிளம்பிய மாமா அப்போதுதான் ஓடி வந்தார். வேலை உடுப்பு, கை முழுக்க கிரீஸ், நெற்றியில் ஒரு தீற்றல். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, தொட்டால் அழுக்காகிவிடுமே என்று கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மாமா அதே பதிலைச் சொன்னார். "மருந்து எதுவும் இல்ல, டாக்டர்." இந்தத் தடவை குரல் நடுங்கியது. எனக்குக் காலில் கோபம் ஏறியது, மிதிக்கத்தான் பிரேக் இல்லை.

அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடியபடியே, ரொம்ப அக்கறையான குரலில் கேட்டாள்.

"ஏங்க, சூப்புல போடுவீங்களே, அது ஸ்பூன்ல குமிச்சா, தலை தட்டியா?"

"தலை தட்டிதான் போட்டேன்" என்றார் மாமா. "கடைசியாதான் குமிச்சு..."

அவ்வளவுதான்.  சுவரோரம் இருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டப்பா, இலை, நடைப்பயிற்சி நண்பர். டாக்டர் திட்டவில்லை, எவ்வளவு, எத்தனை நாளாக, எப்போது நிறுத்தினது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டார். "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க" என்றார். திட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். மாமா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரே ஒரு தடவை, "இயற்கைதானேன்னு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். மாத்திரையை நிறுத்திவிட்டு அதை முறிக்க இப்போது கொடுக்கப்போகும் மருந்தும், அந்த இலையில் இருக்கும் அதே சத்துதானாம். "ஆனா சொட்டுக் கணக்கு. கொஞ்சம் அதிகமாப் போனாலும் வால்வுல கட்டி வந்துடும். இவங்க எடை, இவங்க எண், இவங்க வால்வு, எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கணும்." அதே சத்து என்றதும் மாமாவின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். வெளிச்சம் அணைந்தது.

ஸ்கேன் அறைக் கதவு மூடியது. மாமாவும் நானும் வெளியே பெஞ்சில். தலைக்குள் கசிவு இருந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எழுந்து போகவும் மனசு வரவில்லை. எதிரே மருத்துவமனையின் லிஃப்ட் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. எந்த லிஃப்டாக இருந்தாலும் உடனே எழுந்து போய்க் காதை வைக்கிற மனிதர், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் கோபம் இறங்கியது. கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரே வெளியே வந்தார். "தலைக்குள்ள ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. தலைவலி பயத்தால வந்ததா இருக்கும்."

நான் "ஹா" என்று ஒரு சத்தம் போட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. மாமா எழுந்து டாக்டரைக் கும்பிட்டார், பிறகு என்னைக் கும்பிட்டார், அந்த வழியாகத் துடைப்பத்தோடு போன துப்புரவுப் பணியாளரையும் கும்பிட்டார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மூக்கில் ரத்தம் நின்றிருந்தது. அத்தையின் கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. நான் பழச்சாறு பாட்டிலைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தேன். மாமா கை கழுவிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க அப்படிப் பண்ணினீங்க?" என்று அத்தை கேட்டாள். அது கவுண்டர் குரல் இல்லை.

மாமா போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த மாத்திரை... அது எலி மருந்துன்னு சொன்னாங்க. எலிக்கு வெச்சா ரத்தம் கசிஞ்சு சாகுமாம். நானும் விசாரிச்சேன், நெஜம்தான்னாங்க. ஒவ்வொரு தடவை போறப்பவும் டாக்டர் அதையே கூட்டிக் கூட்டிக் கொடுக்கறாங்க. என் கண்ணு முன்னாடியே நீ முழுங்கற. எனக்குத் தூக்கமே வரல. விஷத்தை முறிக்கும்னுதான் அந்தப் பொடியைப் போட்டேன். அவங்க கூட்டினா நானும் கூட்டினேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ சிரிப்ப."

 நான் பாட்டிலோடு போராடுவதை நிறுத்தினேன். சாப்பாட்டு மேஜையில் அந்த வீட்டில் அதிகம் சிரித்தது யார் என்று அத்தைக்கும் எனக்கும் நன்றாகவே தெரியும்.   டிக் டிக் என்று வால்வு மட்டும் கேட்டது. பிறகு அத்தை அவர் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லுங்க. சூப்புகிட்ட போய்ச் சொல்லாதீங்க."

மாமா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது அழுகையாகி, நர்ஸ் வந்து எட்டிப் பார்க்கும்படி ஆனது. அத்தை "ஒண்ணும் இல்லைங்க, இவருக்குத்தான் மூக்கு ஒழுகுது" என்றாள்.

அதற்குப் பிறகு அளவெல்லாம் புதிதாக ஆரம்பித்தது. கால் மாத்திரை கூட்டி, அரை குறைத்து, வாரா வாரம் ஊசி குத்தி, டாக்டர் அத்தைக்கென்று ஒரு அளவைக் கண்டுபிடித்தார். அது பஸ் டிரைவருக்கும் சேராது, ஆசிரியைக்கும் சேராது. எண் நடுவில் வந்து நின்றது. அந்த முடிவைக் கேட்க மூன்று பேரும் போயிருந்தோம். "ரொம்ப நல்லா இருக்கு, அடுத்த மாசம் வந்தா போதும்" என்றார் டாக்டர். நான் எழுந்து கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

மாமா எழுந்திருக்கவில்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க. அது எலி மருந்துதானே?"

அறைக்குள் நுழைந்த நர்ஸ் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் வந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரிட்டர்ன் கவுண்டரில்கூட அவள் யாரையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். நான் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"ஆமா சார், எலிக்கும் வெச்சாங்க" என்றார் டாக்டர். "ஆனா எலிக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இதுக்கு இவ்வளவுதான்னு அளந்து வைக்கறதில்ல. உங்க மனைவிக்கு அளந்து வைக்கறோம். அதுதான் வித்தியாசம்."

மாமா அதை மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டார். "அளந்து" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அடுத்த சந்தேகத்தைக் கேட்டார். சூப்பில் வெங்காயம் போடலாமா, எவ்வளவு போடலாம். அதற்கடுத்து இன்னொன்று. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் சளிக்குரலில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கேட்டு முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.